சம்பந்தியம்மா உடைத்த வெண்டைக்காய்

பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கண்டக்டரம்மாவின் தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முனையில் நின்று தும்மினால் மறுமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான் அதன் நீள அகலம். வெண்டை, கத்திரி, தக்காளி, பீன்ஸ், பந்தலில் சுரை. ஒரு கிணறு, அதற்கொரு மோட்டார், தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. விடிந்ததும் காய் பறித்துத் தட்டுகளில் பரப்பிவிடுவார். வேலைக்குப் போகிறவர்கள் போகும் முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த வழியாக ஓடுகிற பஸ்ஸில்தான் அவர் டிக்கெட் கிழித்தார். அதே பஸ்ஸை ஓட்டியவர்தான் அவருடைய கணவர். "உங்க காதல் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று பஸ்ஸில் வரும் பெண்கள் சீண்டினால், "அவர் முன்னாடி, நான் பின்னாடி" என்று டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து கண் அயர்கிற நேரத்தில், கண்டக்டரம்மா இறங்கிப் போய் முள் மண்டிக் கிடந்த அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அதைக் குத்தகைக்கு எடுத்தார். டிரைவரிடம் கேட்கவில்லை. பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று அவரிடம் என்றைக்குக் கேட்டிருக்கிறார், இதைக் கேட்க?

தோட்டத்தையும் அவர் பஸ்ஸாகத்தான் நடத்தினார். வாங்க வருகிறவர்கள் பின்வாசல் வழியாக ஏற வேண்டும், அதாவது நுழைய வேண்டும். முன்வாசல் வழியாக இறங்க வேண்டும். இரண்டு பேர் ஒரே தட்டருகே நின்றுவிட்டால் போதும், "தக்காளிகிட்டயே நிக்காதீங்க, முன்னால தள்ளிப் போங்க, கத்திரிக்கா பக்கம் காலியாத்தான் கிடக்கு" என்று குரல் கொடுப்பார். கழுத்தில் பழைய விசில் தொங்கும். ஒரு விசில் அடித்தால் டிரைவர் மோட்டாரை நிறுத்துவார். இரண்டு அடித்தால் போடுவார். தராசும் டிரைவர் பொறுப்பு. யாராவது எடை குறைகிறதே என்று கேட்டால், "கண்டக்டரைக் கேளுங்க" என்று கையை விரித்துவிடுவார்.

இத்தனை கெடுபிடி இருந்தும் ஜனங்கள் வந்தார்கள், காய் அப்படி. பறித்த ஈரம் காயாமல் இருக்கும்.

கண்டக்டரம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஆகாது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது. பிஞ்சா முற்றலா என்று பார்க்க எல்லாரும் செய்வதுதான். ஒடித்த காயை வாங்கிக்கொண்டு போனால் பேச்சே இல்லை. ஆனால் ஒடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி தட்டிலேயே போட்டுவிட்டுப் பக்கத்துக் காயை எடுப்பவர்கள்தான் அதிகம். மத்தியானத்துக்குள் அந்தக் காயெல்லாம் நுனி கறுத்து, சீந்துவாரில்லாமல் கிடக்கும். அதனால் ஒரு சட்டம் போட்டார். உடைத்தவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீறினால் விசில். அந்த விசிலுக்கு மோட்டார் நிற்கும், தராசு நிற்கும், வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குமேல் தண்டனை எதற்கு? சலூன்காரர் ஒருதரம் இப்படி மாட்டிக்கொண்டு, அந்த வாரம் முழுவதும் வெண்டைக்காய்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

எல்லாம் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்தது, சம்பந்தியம்மா வரும் வரைக்கும்.

கண்டக்டரம்மாவின் ஒரே மகளை அதே ஊரில் சில நிறுத்தங்கள் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வேறு ஊரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். கல்யாணத்தில் பார்த்துக் கும்பிட்டதோடு சரி, இரண்டு சம்பந்திகளுக்கும் அதற்குமேல் பழக்கமில்லை.

ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் துணிப்பையோடு பின்வாசலில் வந்து நின்றார் சம்பந்தியம்மா.

"வாங்க வாங்க சம்பந்தி. சொல்லியிருந்தா இவரை அனுப்பியிருப்பேனே."

"இருக்கட்டும் சம்பந்தி. காய் வாங்கத்தானே வந்தேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

சொல்லிவிட்டு நேராக வெண்டைக்காய்த் தட்டுக்குப் போனார். ஒரு காயை எடுத்தார். காதருகே கொண்டுபோய் நுனியை ஒடித்தார். டக். தலையை லேசாக ஆட்டிக்கொண்டு தட்டில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். டக். வைத்தார். அவசரமே இல்லை. ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி வரிசையாக, தட்டில் ஒரு காயைக்கூட விட்டுவைக்காமல் ஒடித்து முடித்தார். பிறகு ஒரு கைப்பிடி காயைப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல காய் சம்பந்தி, குறையே சொல்ல முடியாது" என்று மனதாரப் பாராட்டிவிட்டு முன்வாசல் வழியாகப் போனார்.

விசில் கண்டக்டரம்மாவின் உதடு வரைக்கும் போயிருந்தது. ஊதவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். அதை வாயில் வைத்துக்கொண்டே நின்றவரைப் பார்த்து, மோட்டாரைப் போடுவதா நிறுத்துவதா என்று புரியாமல் டிரைவர் விழித்தார்.

சலூன்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "என்னங்க கண்டக்டரம்மா, எங்களுக்கு ஒரு சட்டம், சொந்தக்காரங்களுக்கு ஒரு சட்டமா?"

"அவங்க ஃப்ரீ பாஸ்," என்றார் கண்டக்டரம்மா. சொல்லிவிட்டாரே தவிர, வயிறு எரிந்தது.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டார்.

"உன் மாமியார் வந்தாங்கடி. ஒரு தட்டுக் காயை மொட்டையடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"அம்மா, உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். அவங்ககிட்ட எதுவும் சொல்லிடாத. நான் அவங்களோட குடித்தனம் பண்ணணும்."

"நான் என்ன சொல்லப் போறேன். கேட்டேன்."

"நீ கேக்கறதே சொல்ற மாதிரிதான் இருக்கும். வெண்டைக்காதானே, விட்டுத்தள்ளு."

வெண்டைக்காய்தானே! பெற்ற மகளே இப்படிச் சொன்னது கண்டக்டரம்மாவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே? வேறு வழியா இல்லை?

அடுத்த முறை சம்பந்தியம்மா வருகிற நாளாகப் பார்த்து, விதைக்கென்று விட்டிருந்த முற்றல் காய்களைப் பறித்துத் தட்டின் மேலாகப் பரப்பி வைத்தார். குச்சியாட்டம் இருந்தன. வளைக்கட்டும், கை வலிக்கட்டும், தானாக விட்டுவிடுவார் என்பது கணக்கு. சம்பந்தியம்மா ஒன்றை எடுத்து வளைத்தார். அது நார் நாராக வளைந்ததே தவிர ஒடியவில்லை. இன்னொன்று, அதுவும் அப்படியே. முகத்தில் உண்மையான கவலையோடு திரும்பி, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி, "சம்பந்தி, இன்னிக்குச் சரக்கு மோசம். முழுக்க முத்தல். இதை யாருக்கும் குடுத்துடாதீங்க, பேர் கெட்டுப்போயிடும்" என்றார். கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் பையை மடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

கண்டக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்கடுத்த முறை விடிவதற்குள் டிரைவரை உட்காரவைத்து, ஒவ்வொரு காயின் நுனியையும் கத்தரிக்கோலால் நறுக்கச் சொன்னார். ஒடிப்பதற்கு நுனி இருந்தால்தானே?

"இது நல்லா இருக்கா?" என்று கேட்டார் டிரைவர், மடியில் குவிந்த காயைப் பார்த்து.

"நல்லா இருக்கோ இல்லையோ, நறுக்குங்க."

சம்பந்தியம்மா வந்தார். மொட்டைக் காய்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு, அதனால் என்ன என்பதுபோல, ஒவ்வொன்றையும் எடுத்து நட்டநடுவில் ஒடித்தார்.

வெண்டைக்காயைக் கொட்டகைக்குள் ஒளித்துவைத்த நாளில் பீன்ஸை ஒடித்தார். பீன்ஸையும் ஒளித்தபோது, பந்தலுக்குப் போய்ச் சுரைக்காயில் நகத்தை அழுத்திப் பார்த்தார். தொங்குகிற காயிலெல்லாம் பிறை பிறையாகத் தடம் விழுந்தது. ஒவ்வொரு முறையும் போகும்போது மறக்காமல் பாராட்டினார். அந்தப் பாராட்டுத்தான் கண்டக்டரம்மாவுக்குத் தாங்கவில்லை. பழிக்கிறவரோடு மல்லுக்கட்டலாம், புகழ்கிறவரை என்ன செய்வது?

இதற்குள் மற்றவர்களுக்கும் துளிர் விட்டுப்போயிருந்தது. ஆளுக்கு ஒன்றை ஒடித்துவிட்டு, "நாங்களும் ஃப்ரீ பாஸ்தான்" என்றார்கள். விசிலுக்கு மரியாதை போய்விட்டது. ஊதினால் சிரித்தார்கள். ஓடுகிற பஸ்ஸில் ஒற்றை ஆளாக நின்று ஊரையே மேய்த்தவருக்கு இது பெரிய அவமானம்.

ஒரு சாயங்காலம் கண்டக்டரம்மா தலையை வாரி நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் டிரைவர்.

"சம்பந்தி வீட்டுக்கு. நீங்களும் வாங்க. அங்க நான் என்ன செஞ்சாலும் வாயத் திறக்கக் கூடாது."

"இங்க மட்டும் திறக்கறேனாக்கும்," என்று சொல்லிக்கொண்டே டிரைவர் செருப்பை மாட்டினார்.

சம்பந்தியம்மா வாசலுக்கே வந்து வரவேற்றார். மாப்பிள்ளை இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. சின்னக் கூடம், நான்கு நாற்காலி, நடுவில் ஒரு முக்காலி. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று புரிந்துகொண்டு, கண்ணாலேயே கெஞ்சிவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனாள். சம்பந்தியம்மா ஒரு தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்து முக்காலியில் வைத்தார்.

"எடுத்துக்கங்க சம்பந்தி."

கண்டக்டரம்மா எடுத்துக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்து, காதருகே கொண்டுபோய், நடுவில் ஒடித்தார். டக். தலையை லேசாக ஆட்டினார். இரண்டு துண்டையும் தட்டிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். டக். வைத்தார். டிரைவர் ஆசையாகக் கையை நீட்டினார். கண்டக்டரம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டு அந்த பிஸ்கட்டையும் ஒடித்தார். அவசரமே இல்லை. ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி வரிசையாக. அடுப்படி வாசலில் வந்து நின்ற மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தட்டில் முழு பிஸ்கட் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனதும் கண்டக்டரம்மா நிமிர்ந்து, இப்போது தெரிகிறதா என்பதுபோல சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

சம்பந்தியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண்கள் பளபளவென்று இருந்தன.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"என்னது?"

"சத்தந்தான்."

கண்டக்டரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. "நடுவுல இருந்ததெல்லாம் நல்லா இருந்துச்சு. ஓரத்துல இருந்தது அவ்வளவா இல்ல" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அதானே. ஓரத்துல இருக்கறது நமுத்துப்போச்சு. டப்பாவைச் சரியா மூடுடான்னு உங்க மாப்பிள்ளைகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே?" சம்பந்தியம்மா ஒரு துண்டை எடுத்து உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இங்க பாருங்க. நல்ல பிஸ்கட்டா இருந்தா தூள் கொட்டாது, நேர்கோடா உடையும். கம்பெனியில மிஷின் அப்படி இரையும் சம்பந்தி, பக்கத்துல இருக்கறவங்க பேசறது கேக்காது. ஆனா இந்தச் சின்னச் சத்தம் மட்டும் எனக்குக் கேக்கும். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பிஸ்கட்டை உடைச்சுக் கேட்டுப் பார்த்த முதல் ஆள் நீங்கதான். இவங்கல்லாம் டீயில முக்கி முழுங்கறதோட சரி. 'பிஸ்கட் உடைக்கறதுக்குச் சம்பளம் வாங்கின அம்மா'ன்னு என் பிள்ளையே கேலி பேசுவான்."

டிக்கெட் கிழிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று தன்னிடம் கேட்டவர்களின் முகங்கள் கண்டக்டரம்மாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி இறங்குவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"உடைச்ச பிஸ்கட்டை எல்லாம் கம்பெனியில என்ன பண்ணுவீங்க?"

"தனி டப்பா இருக்கும், அதுல போட்டுடணும். வாசல்ல வச்சுப் பாதி விலைக்குக் குடுத்துடுவாங்க. உடைச்சதைத் திரும்பத் தட்டுல வச்சா வேலையே போயிடும்."

"அப்புறம் என் வெண்டைக்காயை மட்டும் ஏன் திரும்பத் தட்டுல வைக்கறீங்க?"

கேட்ட பிறகுதான், கேட்டுவிட்டோம் என்பது கண்டக்டரம்மாவுக்கே உறைத்தது. டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த மகள் பாதி வழியில் நின்றுவிட்டாள். யாரும் பார்க்காத சமயமென்று ஒரு துண்டை வாயில் போட்டிருந்த டிரைவர் அதை மெல்லாமலே விழுங்கினார்.

சம்பந்தியம்மா கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாக, "முதல் நாளே டப்பாவைத் தேடினேன் சம்பந்தி" என்றார். "சுத்திமுத்திப் பார்த்தேன், எங்கயும் காணோம். சரி, இவங்க வழக்கம் இப்படிப் போலிருக்குன்னு அங்கயே வச்சேன். தரம் பார்க்கற இடத்துல உடைச்சதைப் பிரிச்சு வைக்க ஒரு டப்பா இல்லையேன்னு கேட்கலாம்னு பலதடவை வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா, போற இடத்துல எதுவும் சொல்லிடாதம்மா, அவங்க பொண்ணோட நான் குடித்தனம் பண்ணணும்னு பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தான்."

கண்டக்டரம்மா மகளைப் பார்த்தார். மகள் டீயைப் பார்த்தாள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு இரண்டு சம்பந்திகளுக்குள்ளும் ஒரு வாக்குவாதம் உண்டு. டிரைவரைக் கேட்டால், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சிரித்தார்கள் என்பார். அவருக்கு அதைவிட நல்ல நினைவு, அன்றைக்கு அந்தத் தட்டில் இருந்த துண்டுகள் முழுக்கத் தன் பங்குக்கு வந்ததுதான்.

மறுநாளே வெண்டைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா வந்து உட்கார்ந்தது. சம்பந்தியம்மா ஒடித்ததெல்லாம் அதற்குள் விழுந்தது. கம்பெனி முறைப்படி பாதி விலை என்று கண்டக்டரம்மா அறிவித்தார். இனி இவர் ஒருவர் மட்டும்தான் ஒடிக்கலாம், மற்றவர்கள் கையை வைத்தால் பழைய சட்டம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

சலூன்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். உடைத்த காயில் முற்றல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒடிந்ததால்தானே அது டப்பாவுக்கே வந்திருக்கிறது? ஒடியாததெல்லாம் தட்டிலேயே நின்றுவிடுகிறது. "எனக்கு டப்பாக் காய் குடுங்க" என்றார். அடுத்தவரும் அதையே கேட்டார். வந்ததும் வராததுமாக எல்லாரும் டப்பாவைச் சுற்றி மொய்த்தார்கள். கண்டக்டரம்மா விலையை முழு விலையாக ஏற்றினார். அப்படியும் மொய்த்தார்கள். அதற்குமேல் கொஞ்சம் ஏற்றினார்.

சம்பந்தியம்மாவுக்கு மனது கேட்கவில்லை. "உடைஞ்ச சரக்குக்குக் கூடுதல் விலையா? கம்பெனியில தெரிஞ்சா விழுந்து விழுந்து சிரிப்பாங்க சம்பந்தி."

"உடைஞ்ச சரக்கு இல்ல சம்பந்தி. நீங்க உடைச்ச சரக்கு."

சம்பந்தியம்மா அடுத்த காயை எடுத்தார். அன்றைக்கு அவர் கை வழக்கத்தைவிட வேகமாக ஓடியது என்று டிரைவர் சொல்வார்.

அந்த டிரைவரே ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டார். சம்பந்தியம்மா வர நேரமாகி, டப்பா காலியாகி, ஜனம் முணுமுணுக்கத் தொடங்கியதும், கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தானே ஒரு கூடைக் காயை ஒடித்து டப்பாவில் கொட்டிவிட்டார். சம்பந்தியம்மா வந்து ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என் கை இல்லையே" என்றார். டிரைவர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அசடு வழிந்தது. கண்டக்டரம்மா அந்தக் கூடைக் காயை அத்தனையும் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்து, அந்த வாரம் முழுவதும் அவருக்கு வெண்டைக்காயைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டவில்லை.

இப்போது இரண்டு பேரும் பந்தலுக்கடியில் ஒரே பலகையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். தக்காளியைத் தட்டிப் பார்ப்பதா அழுத்திப் பார்ப்பதா, சுரைக்காய்க்குக் கொடி எவ்வளவு விட வேண்டும் என்று ஓயாமல் தர்க்கம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒரு நாளும் ஒப்புக்கொள்வதில்லை. நடுவில் மூன்றாவது ஆள் புகுந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

இதில் நஷ்டப்பட்டது மகள்தான். ஒரு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். மாமியார் அலமாரியை முழுக்கக் கலைத்து, துணியை மடிக்கிற விதத்தையே மாற்றிவிட்டாராம். கண்டக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்க மடிக்கறதுதான்டி சரி. நீ மடிச்சா மூலையெல்லாம் பிதுங்கிக்கிட்டு நிக்கும்" என்றார்.

"அம்மா, நீ யாருக்கு அம்மா?"

"உனக்குத்தான். அதுக்காக மடிப்பு நேராயிடுமா?"

மகள் விருட்டென்று எழுந்து தராசுப் பக்கம் போனாள். டிரைவர் ஒரு சாக்கை உதறிப் பக்கத்தில் விரித்தார்.

"இங்க உக்காரு. என்கிட்டச் சொல்லு," என்றார். "இத்தனை வருஷம் இன்ஜினுக்குப் பக்கத்துல உக்காந்ததுல எனக்குப் பாதிக் காது கேக்கறதில்ல. நீ தைரியமாச் சொல்லலாம்."

மகள் சொல்லத் தொடங்கினாள். நெடுநேரம் சொன்னாள். டிரைவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே, பீன்ஸை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.